நிழலில் எழுந்த துஆ

மணம் தாழ்வதால் வாடும் உள்ளங்களுக்குத் திருக்குர்ஆனின் 28ஆம் அத்தியாயமாகிய அல்கஸஸில், 24ஆம் வசனத்தில், ஓர் ஆறுதலைக் காண்கிறோம். எகிப்தை நீங்கிப் புகலிடம் தேடி மத்யன் வந்த நபி மூஸா (அலை) அவர்கள், நீர்த்துறையின் நெரிசலுக்கு ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டினார்கள். பின்னர் நிழலில் அமைந்து, இறைவன் அருளும் எந்நன்மைக்கும் தாம் தேவையுடையவர் என முறையிட்டார்கள்.

இன்னது வேண்டுமென அவர்கள் பெயர்சுட்டிக் கேட்கவில்லை. தம் இல்லாமையையே எடுத்துரைத்தார்கள். அப்பெண்களுள் ஒருவர் நாணத்தோடு வந்து தந்தையிடம் அழைத்துச் சென்றார். அடைக்கலமும் பணியும் இல்லறமும் வாய்த்தன. துயரை இறைவனிடம் மறைக்க வேண்டுவதில்லை. நன்மையின் வடிவையும் நாளையும் அவனிடமே ஒப்படைக்கலாம். வருந்துவோர்க்கு இத்துஆ தரும் ஆறுதல் இதுவே.

பெரியோர்க்கும் இதில் பாடமுண்டு. கையில் பொருளற்ற மணமகனிடம் அத்தந்தை வேண்டியது எட்டாண்டு உழைப்பு. பத்தாக நிறைவுசெய்வது அவர் விருப்பம். மணமகனே கொடுக்கக் கடமைப்பட்டவன் என்பதே மஹரின் நெறி. நாமோ கைக்கூலி கேட்டுக் குமர்களைக் காத்திருக்க வைக்கிறோம். அவர்தம் துஆவிற்கு ஆமீன் கூறும் நாவே கைக்கூலியும் பேசுதல் தகுமா?