நாலு வீடு பிரித்தால் போதுமா?

கேள்வி: எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளில்தான் குப்பையைப் பிரித்துக் கொடுக்கிறோம். மற்றவர்கள் எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டி மூலையில் வீசிவிடுகிறார்கள். நாங்கள் மட்டும் மெனக்கெடுவதில் அர்த்தம் இருக்கிறதா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இருக்கிறது. கேரளத்தின் ஆலப்புழையைப் பாருங்கள். அந்த நகரத்தின் குப்பையெல்லாம் பல ஆண்டுகளாகச் சர்வோதயபுரம் என்ற ஊரில்தான் போய்க் குவிந்தது. நாற்றம் தாங்காத அந்த ஊர்க்காரர்கள் 2012-இல் இனி இங்கே கொட்டக் கூடாது என்று மறித்துவிட்டார்கள். கொட்ட இடமில்லாத நகரம் தன் குப்பையைத் தானே கவனிக்கக் கற்றுக்கொண்டது. வீடுகளுக்குக் கழிவை உரமாக்கும் குழாய்களும், கழிவிலிருந்து எரிவாயு தரும் கலன்களும் வந்தன. இடமில்லாதவர்களுக்குத் தெருவோரம் காற்றோட்டமான உரத்தொட்டிகள். சமையல் கழிவு ஓர் அடுக்கு, காய்ந்த சருகு ஓர் அடுக்கு. சுமார் மூன்று மாதத்தில் உரம் தயார். 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு முன்மாதிரியாகக் காட்டிய ஐந்து நகரங்களில் ஆலப்புழையும் ஒன்று.

நம் வீட்டுக் குப்பையில் ஏறக்குறையப் பாதி, காய்த்தோலும் மிச்சச் சோறும்தான். அந்த ஈரம் பட்டுவிட்டால் காகிதத்தைப் பழைய பேப்பர்காரர்கூடத் தொடமாட்டார். பிரித்தால் இரண்டுக்குமே மதிப்பு. திடக்கழிவு மேலாண்மை விதிகளும் பிரித்துக் கொடுக்கத்தான் சொல்கின்றன.

நீங்கள் ஐந்து வீட்டாரும் ஒரு ஞாயிறு அந்த மூலையைக் கூட்டிப் பெருக்கி, கோலம் போட்டு, நாலு செடி வையுங்கள். குப்பை கிடக்கும் இடத்தில்தான் குப்பை சேரும். கோலத்தின் மேல் வீச யாருக்கும் கை கூசும்.