முகவரைத் தெரிந்து தெளிதல்

சென்னை மாநகரின் மேற்றிசையில், அம்பத்தூரை அடுத்த முகப்பேரில் யாம் வாழ்கின்றோம். மகப்பேறு என்னுஞ் சொல்லே முகப்பேர் எனத் திரிந்தது என்பர் ஊரார். ஆங்குள்ள சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலையும் அதற்குச் சான்றாகக் காட்டுவர். சொல்லாராய்ச்சி இதனை ஒப்புமோ ஒப்பாதோ, கருத்து நன்று. பிறந்த மகவுக்குப் பெயரிட்டுப் பிறப்பைப் பதிவுசெய்தல் பெற்றோர் கடன் ஆதல்போல, அறிவின்வழிப் பிறந்த பொருளையும் அதன் பெயரையும் பதிவுசெய்து காத்தல் அவற்றைப் படைத்தார் கடனாம். அதற்குத் துணைபுரிவோர் காப்புரிமை முகவரும் வணிகக்குறி முகவரும் ஆவர். அவரைத் தேருமாறு எங்ஙனம் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவுவார் உளராகலாம். காரணம் உண்டு. யாம் 'மாமா' என்று அழைக்கும் அண்டை வீட்டார் ஒருவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் சிறியதொரு லேத் பட்டறை நடத்துகின்றார். மெல்லிய குழாய்களைக் கடையுங்கால் அவை நசுங்காதவாறு பற்றும் பிடிப்பான் ஒன்றை அவர் பன்னாள் முயன்று அமைத்தார். அதனைக் காத்துத் தருவதாகக் கூறி வந்த ஒருவரிடம் பணமும் வரைபடமும் கொடுத்தார். சின்னாளில் எண் பொறித்த ஆங்கிலத் தாள் ஒன்று வந்தது. உரிமை கிட்டிற்று என மகிழ்ந்து, பிடிப்பானைப் பலருக்கும் விற்றார். ஈராண்டு கழித்து அத்தாளை எம்மிடம் நீட்டி, "தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா" என்றார்.

படித்தோம். அஃது உரிமைப் பட்டயம் அன்று. தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைப் பெற்றுக்கொண்டமைக்கு அடையாளமான சீட்டே. அதன்பின் பன்னிரண்டு திங்களுக்குள் முழு விவரக்குறிப்புத் தாக்கல் செய்யப்படல் வேண்டும். தவறின் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். அவ்வாறே கைவிடப்பட்டது. பொருளோ வெளிப்படையாக விற்கப்பட்டுவிட்டமையின், புதுமை என்னும் தகுதியையும் இழந்தது. தாள் கொணர்ந்தவர் பெயரை முகவர் பதிவேட்டில் தேடினோம், காணோம். மாமா நெடுநேரம் ஒன்றும் பேசினாரல்லர். பின்னர், "என் பொருளை எனக்கே புரியாத பாஷையில எழுதிட்டாங்க, கேட்கவும் எனக்குத் தெரியல" என்றார். அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

முதற்கண் சொற்பொருள் காண்போம். ஆங்கிலத்தார் பேட்டண்டு என வழங்குஞ் சொல் 'திறந்த' என்னும் பொருளுடைய இலத்தீன் மூலத்தது. அரசன் அனைவரும் காணத் திறந்த ஏடாக அளித்த உரிமையே பண்டு அப்பெயர் பெற்றது. இன்றும் கருத்து அஃதே. கண்டுபிடித்தார் தம் நுட்பத்தை உலகறிய எழுதிக்காட்டல் வேண்டும். அதற்கு ஈடாக அரசு இருபதாண்டுகள் பிறர் அதனைச் செய்யாவண்ணம் தடுக்கும் உரிமையை அவர்க்கு அளிக்கும். வணிகக்குறியோ வேறு. அது பொருளின் நுட்பத்தைக் காவாது. பொருள் யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் பெயரையும் சின்னத்தையும் காக்கும். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பின் எக்காலத்தும் நிற்கும். இவ்விரண்டின் வேறுபாட்டையும் தெளிய உரையாத முகவர் முதற்படியிலேயே தவறினார் என்க.

இந்தியாவில் இவ்வுரிமைக்கான முதற்சட்டம் 1856-ஆம் ஆண்டில் பிறந்தது. அவ்வாண்டு மார்ச்சு 3-ஆம் நாள் கல்கத்தாவிலிருந்த ஜார்ஜ் ஆல்பிரட் டி பென்னிங் என்னும் பொறிஞர், பங்கா இழுக்கும் பொறி ஒன்றிற்கு உரிமை வேண்டி விண்ணப்பித்தார். அதுவே முதல் விண்ணப்பம். பின்னர் 1911-ஆம் ஆண்டுச் சட்டமும், அதனை அடுத்து 1970-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. வணிகக்குறிக்கு இன்று வழங்குவது 1999-ஆம் ஆண்டுச் சட்டமாம். இவ்விரு பதிவுகளுக்கும் உரிய அலுவலகங்கள் நம் கிண்டியிலேயே உள்ளன. முகப்பேரிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருந்தும் பட்டறையார் பலர் அவற்றின் வாயிலை மிதித்திலர்.

இனி, முகவர் ஆவார் யாவர்? ஆங்கில நாட்டிலும் அமெரிக்காவிலும் அட்டர்னி எனப்படுவாரை நம் சட்டம் ஏஜெண்டு என்றே குறிக்கின்றது. காப்புரிமை முகவர் இந்தியக் குடியினராய், இருபத்தொரு வயது நிரம்பியவராய், அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் உடையவராய், அரசின் தேர்வில் தேறிப் பதிவேட்டில் இடம்பெற்றவராய் இருத்தல் வேண்டும். வழக்கறிஞர் என்னும் தகுதியைச் சட்டத்தினின்று நீக்கிய 2005-ஆம் ஆண்டுத் திருத்தப் பகுதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் செல்லாதென்று தீர்த்தது. வணிகக்குறிக்கோ வழக்கறிஞரும், கம்பெனிச் செயலரும், பட்டம் பெற்று உரிய தேர்வில் தேறினாரும் முகவர் ஆகலாம். ஆகலின் தமிழ்ப் பட்டம் பெறும் நம்மவர்க்கும் அவ்வாயில் திறந்தே உள்ளது.

திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தை அடுத்துத் தெரிந்து வினையாடல் வைக்கப்பட்டுள்ளது. ஆராய்ந்து தேர்தல் முன்னது. தேர்ந்தபின் வினையில் ஆளுதல் பின்னது. முகவர் திறத்தும் இம்முறையே தக்கது.

தேருங்கால் காணவேண்டுவன மூன்று. முதலாவது, பதிவு. காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் முகவர் பட்டியல் உளது. பெயரும் எண்ணும் ஆங்கு இல்லாரிடம் வரைபடத்தை நீட்டற்க. இரண்டாவது, துறையறிவு. மருந்துக் கலவையில் வல்லார் கடைசற் பொறியின் நுட்பத்தை உணர்தல் அரிது. நம் பொருளை நாம் சொல்லக் கேட்டு, அவர் தம் சொல்லால் திருப்பிக் கூறுமாறு வேண்டுக. பிழையின்றிக் கூறுவாராயின் தக்கார். மூன்றாவது, மறுத்துரைக்கும் நேர்மை. நல்ல முகவர் முன்னரே உள்ளவற்றைத் தேடிப் பார்த்து, இது புதியதன்று எனின் அன்றே சொல்லுவார். உரிமை உறுதியாகக் கிட்டும் என்று முதல்நாளே மொழிவாரை ஐயுறுக.

வினையில் ஆளுங்கால் முதன்மையானது உரிமைக்கோரிக்கையாம். விவரக்குறிப்பின் இறுதியில் எண்ணிட்டு எழுதப்படும் அவ்வாக்கியங்களே உரிமையின் எல்லைக்கற்கள். அவை ஏறத்தாழ இலக்கண நூற்பாப் போல்வன. ஒரு சொல் மிகின் பிறர் எளிதில் விலகிச் செல்வர். ஒரு சொல் குறையின் முன்னரே உள்ளதைக் கவர்ந்ததாக மறுக்கப்படும். குன்றக் கூறல் என்று நாம் வகுப்பில் ஓதும் குற்றம் ஈண்டுப் பொருளிழப்பாகவே முடியும். பஜாஜ் ஆட்டோ நிறுவனத்திற்கும் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனத்திற்கும் இடையே இரட்டைத் தீப்பொறிச் செருகி அமைந்த எஞ்சின் பற்றி எழுந்த வழக்கு இதற்குச் சான்று. 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்து நீதிபதி ஒருவர் தடை விதித்தார்; 2009 மே திங்களில் ஈருறுப்பினர் அமர்வு அதனை நீக்கியது; அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விற்பனையை ஒப்பி, விரைந்த விசாரணையை வற்புறுத்தியது. எஞ்சினில் வால்வுகள் இரண்டா மூன்றா என்பதும் ஆங்கு வாதப்பொருள் ஆயிற்று. 2019-இல் இரு திறத்தாரும் உடன்பட்டு வழக்கை முடித்தனர்.

வணிகக்குறிக்குத் தமிழர் நன்கு நினைக்கத்தக்க வழக்கு ஒன்று உண்டு. சென்னையில் 'ஸ்ரீ அம்பாள்' என்னும் பெயரால் மூக்குப்பொடி விற்றார் ஒருவர். 'ஸ்ரீ ஆண்டாள்' என்னும் பெயரைப் பதிய முயன்றார் மற்றொருவர். அம்பாள் சிவனார் தேவி; ஆண்டாள் வைணவர் போற்றும் திருமகள். பொருளால் இரண்டும் வேறென்பதைத் தமிழர் எவரும் அறிவர். எனினும் அகரமும் ஆகாரமும் மோனையாய் இயைய, ஈறும் ஒத்து ஒலித்தலின், கடையில் கேட்பார் செவி மயங்கும் என்று கண்ட உச்ச நீதிமன்றம் 1969-இல் இரண்டாவது பெயரைப் பதிய மறுத்தது. பெயர் தேர்வார் பொருளை மட்டும் நோக்காது ஓசையையும் நோக்குக என்பது இதனாற் பெறப்படும்.

பணமும் காலமும் பற்றிச் சில சொல்லி அமைவோம். இணையவழி விண்ணப்பிக்குங்கால் தனி மனிதர்க்கும் சிறு நிறுவனத்தார்க்கும் அரசுக் கட்டணம் காப்புரிமைக்கு 1,600 ரூபாயும், வணிகக்குறிக்கு வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாயும் ஆம். முகவர் ஊதியம் வேறு. இவ்விரண்டையும் பிரித்து எழுதித்தரக் கேட்டல் முறை. பன்னிரண்டாம் திங்களின் நாள், ஆய்வு வேண்டும் நாள், மறுமொழி தரும் நாள் ஆகியவற்றைத் தேதியிட்டு வாங்கித் தம் நாட்காட்டியிலும் குறித்துக் கொள்ளல் வேண்டும். எல்லாவற்றினும் முந்தியது, விண்ணப்பம் சேரும்வரை பொருளை விற்றலும் பலரறியக் காட்டலும் தவிர்த்தல்.

நண்பர்காள்! காப்புரிமை விண்ணப்பம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ தான் எழுதப்படல் வேண்டும். பட்டறையில் நிற்பவரோ தமிழில் எண்ணித் தமிழில் படைக்கின்றார். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள பள்ளத்தில்தான் மாமாவின் பிடிப்பான் வீழ்ந்தது. கோரிக்கையைக் கையொப்பமிடுமுன் அதனைத் தமிழாக்கி, உரியவர்க்கு வரி வரியாகப் படித்துக் காட்டும் ஒருவர் அருகிருந்திருப்பின் அஃது வீழ்ந்திராது. நூற்பாவுக்கு உரை காணும் பயிற்சி நமக்கு உண்டு. அதனைத் தெருவிலுள்ளார்க்கும் பயன்படுத்துதல் தகும்.

மாமா இப்பொழுது அப்பிடிப்பானில் புதியதொரு திருத்தம் கண்டுள்ளார். அஃது இன்னும் ஒருவர்க்கும் காட்டப்படாமல் பட்டறை அலமாரியில் பூட்டப்பட்டுள்ளது. பதிவேட்டில் பெயர் கண்ட முகவர் ஒருவரைச் சென்ற திங்கள் யாமும் அவருடன் சென்று கண்டோம். முகவர் எழுதிய முதற் கோரிக்கையைத் தமிழில் படித்துக் காட்டியபோது, மாமா இரண்டிடத்தில் எம்மைத் தடுத்து, "அது அப்படியில்லப்பா" என்றார். அவ்விரண்டிடமும் திருத்தப்பட்டன.