கருவுற்ற காலமும் ஓட்டிசமும்

ஓட்டிசம் என்னும் பிறவி இயல்பினை லியோ கனர் 1943ஆம் ஆண்டில் விவரித்தபோது, அவர் ஆராய்ந்த 11 குழந்தைகளுள் மூவரே பெண்கள். பெண்களிடத்து அஃது அரிதென்னும் எண்ணம் நெடிது நிலைத்தது. அன்னார் தாயராகுங்கால் எய்தும் நிலை அண்மையிலேயே ஆராயப்பட்டது.

மசக்கையில் மணம் உறுத்துதல் பொதுவியல்பு. ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றால் முன்னரே வருந்தும் இப்பெண்களுட் பலர், கருவுற்றபின் அவ்வருத்தம் மிகுந்ததென்பர். நாளொழுங்கின் குலைவும் மனத்தை அலைக்கும். கேம்பிரிட்ச் ஆய்வாளர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற காலத்து மனச்சோர்வு இவர்களிடையே ஏனைத் தாயரிலும் மிகுதியாயிருந்தது.

யாம் இங்கு வற்புறுத்துவது ஒன்று. மருத்துவர்முன் இத்தகையாள் வாளாவிருப்பின் அதனை அன்பின்மையெனக் கொள்வாருளர். அஃது அன்பின்மையன்று, சொல்லெழாமை. தொடுமுன் அறிவித்து, வினாக்களை முன்னரே எழுதிக் கொடுத்து, விளக்கையுஞ் சற்றுத் தணித்தால் அச்சொல் எழுதல் எளிதாகும்.