பனச்சமூட்டைத் தாண்டும் முன்: லோடு வண்டி லைசன்ஸ் குறிப்புகள்

அம்பூரியில் ரப்பர் ஷீட் ஏற்றி, வெள்ளறடை, பனச்சமூடு வழியாக மார்த்தாண்டம் போகும் குட்டியானை லோடு வண்டி ஒரு கடைத்தெருவைக் கடப்பதுபோல கேரள-தமிழ்நாடு எல்லையைக் கடந்துவிடும். லைசன்ஸுக்கு அந்த எல்லையும் இல்லை. கேரளத்தில் எடுத்தது இந்தியா முழுக்கச் செல்லும். எந்த வண்டிக்குச் செல்லும் என்பதை முடிவு செய்வது எடை.

செய்ய வேண்டியவை

• ஆர்.சி.யில் மொத்த எடையைப் பாருங்கள். வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை அது. 7,500 கிலோவுக்குள் இருந்தால் சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசன்ஸ் போதும், டிரான்ஸ்போர்ட் என்று தனியாகப் பதிய வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று இதை உறுதி செய்தது.

• வயதைக் கணக்கிடுங்கள். கார் ஓட்ட 18 போதும். வாடகைச் சரக்கு வண்டிக்கு 20 ஆக வேண்டும்.

• பெரிய லாரி ஓட்ட ஆசையா? எல்.எம்.வி. லைசன்ஸ் எடுத்து ஓராண்டு ஆன பிறகே டிரான்ஸ்போர்ட் எல்.எல்.ஆர். கிடைக்கும். மருத்துவச் சான்றும் வேண்டும்.

• டிரான்ஸ்போர்ட் லைசன்ஸ் ஐந்தாண்டுக்குத்தான். முடிவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம்.

• பெட்ரோல், கேஸ் போன்ற ஆபத்தான சரக்கு என்றால், அதற்கான தனிப் பயிற்சி முடித்து லைசன்ஸில் பதிந்துகொள்ளுங்கள்.

• டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டும் லைசன்ஸ் சட்டப்படி செல்லும். மலைப்பக்கம் சிக்னல் போய்விடும். அசல் அட்டையும் கையில் இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

• 'பக்கத்துலதானே' என்று லைசன்ஸ் இல்லாதவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். ஓட்டியவருக்கு 5,000 ரூபாய் அபராதம். கொடுத்த உரிமையாளர் மீதும் தனி வழக்கு வரும்.

• தேதி முடிந்தாலும் முப்பது நாள் ஓட்டலாம் என்ற பழைய கணக்கை நம்பாதீர்கள். அந்தச் சலுகை 2019 திருத்தத்தில் போய்விட்டது. முடிந்து ஓராண்டு தாண்டினால் மறுபடி டெஸ்ட்.

• லைசன்ஸ் சரியாக இருக்கிறதே என்று அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள். ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

• மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. அதற்காக எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றை விட்டுவிடாதீர்கள்.

• செல்லாத லைசன்ஸோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள். அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை உரிமையாளரிடமே கம்பெனி திரும்பக் கேட்கலாம். அப்போது ஷீட் விற்ற காசோடு வண்டியும் போய்விடும்.