கணக்கு மட்டும் போதுமா? மின்சுற்றுச் சோதனை பற்றி ஒரு பாடம்

மின்சாரம் இன்று தோட்ட வாழ்க்கையோடு இரண்டறக் கலந்துவிட்டது. குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், நீர் இறைக்கும் மோட்டார் முதலியன நம் இல்லங்களில் இடம்பெற்றுள்ளன. இவற்றின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், தொடுபவரின் உயிரைக் காப்பவை எர்த் கம்பியும் மின்கசிவுத் துண்டிப்பானும் ஆகும். இவை செவ்வனே இயங்கும் என்பதை அறிய இரு வழிகள் உள்ளன. ஒன்று, கணக்கிட்டு அறிதல். மற்றொன்று, மின்சாரம் இருக்கும்போதே கருவியால் அளந்து அறிதல்.

கணக்கு கூறுவது

2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை, மீட்டருக்கு ஏறத்தாழ 0.0074 ஓம் ஆகும். 20 மீட்டர் தொலைவுக்கு மின்கம்பியையும் அதே பருமனுள்ள எர்த் கம்பியையும் சேர்த்தால், மொத்தத் தடை சுமார் 0.3 ஓம். 230 வோல்ட்டை இதனால் வகுத்தால் 760 ஆம்பியருக்கு மேல் வருகிறது. இத்துணை மின்னோட்டத்தில் ஃபியூஸ் உடனே எரிந்துவிடும். ஆகவே அச்சமில்லை என்று தோன்றும்.

மண் கூறுவது

ஆனால், நம் நாட்டு வீடுகள் பலவற்றில் எர்த் கம்பி வீட்டருகே மண்ணில் அறையப்பட்ட கோலில் முடிகிறது. கசிந்த மின்சாரம் மண்ணின் வழியாகவே திரும்ப வேண்டும். சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த சிம்பாங் பூலாய் போன்ற வட்டாரங்களில் ஓரிடத்தில் ஈரமண் இருக்கும். சற்றுத் தள்ளிப் பாறை தட்டும். பாறையும் உலர்ந்த மண்ணும் மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை.

கோலின் தடை 100 ஓம் எனக் கொள்வோம். அப்போது பாய்வது ஏறத்தாழ 2.3 ஆம்பியர் மட்டுமே. 32 ஆம்பியர் ஃபியூஸ் இதனால் எரியாது. துண்டிப்பானும் பழுதுபட்டிருந்தால், குளிர்பதனப் பெட்டியின் உடல் ஏறக்குறைய முழு மின்னழுத்தத்துடன் நிற்கும். அதைத் திறக்க வரும் குழந்தையின் கதி யாது? 100 மில்லி ஆம்பியர் துண்டிப்பான் நன்னிலையில் இருப்பின், இந்த 2.3 ஆம்பியரே அதனை இயக்கப் போதுமானது. மண்ணின் தடையையும், தளர்ந்த இணைப்பையும், எலி கடித்த கம்பியையும் கணக்கு அறியாது. அவற்றை அளந்தே அறிதல் வேண்டும்.

சோதனையின் வரிசை

மின்சாரம் உள்ளபோது அளப்பதிலும் ஆபத்துண்டு. எர்த் கம்பி அறுந்திருப்பின், சோதனையின்போதே உலோக உடலில் மின்சாரம் ஏறக்கூடும். ஆதலின், தேர்ச்சி பெற்ற வயர்மேன் பின்வரும் வரிசையைக் கடைப்பிடிப்பார்:

1. முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, கம்பிகள் அறுபடாமல் தொடர்ந்துள்ளனவா எனப் பார்ப்பார்.

2. 500 வோல்ட் கருவியால் கம்பி உறையைச் சோதிப்பார். அதன் தடை 1 மெகாஓமுக்குக் குறையலாகாது.

3. இவை சரியாயின், மின்சாரம் கொடுத்து, எர்த் வழியின் மொத்தத் தடையை அளப்பார்.

4. இறுதியாக, துண்டிப்பான் தனக்குரிய கசிவு அளவில் 0.3 நொடிக்குள் விடுபடுகிறதா எனக் கருவியால் அறிவார்.

கணக்கும் இங்கே வீணாவதில்லை. பிரதானப் பெட்டியில் ஒரு முறை அளந்த தடையோடு, மின்சாரமின்றி அளந்த கம்பித் தடையைக் கூட்டினால், ஒவ்வொரு பிளக்கிலும் மின்சாரத்தோடு அளக்கும் ஆபத்து குறைகிறது.

நாம் செய்ய வேண்டுவன

துண்டிப்பானிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். அது விடுபடாவிடில் உடனே வயர்மேனை அழையுங்கள். எனினும், எர்த் கம்பி அறுந்திருந்தாலும் பொத்தான் வேலை செய்யும் என்பதை மறவாதீர்கள். அது துண்டிப்பானின் இயக்கத்தை மட்டுமே காட்டும்; மண்ணோடு உள்ள தொடர்பைக் காட்டாது.

மின்பெட்டியை நீங்களே திறந்து சோதிக்க முயலாதீர்கள். எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனிடமே அப்பணியை ஒப்படையுங்கள். வேலை முடிந்ததும், "எர்த் தடை எத்தனை ஓம்? துண்டிப்பான் எத்தனை நொடியில் விடுபட்டது?" என்று கேட்டு, எண்களை எழுதி வாங்குங்கள். "எல்லாம் சரி" என்ற சொல்லைவிட, அளந்து எழுதிய எண்ணே நம்பத்தக்கது.