கத்திரி வெயிலில் மாடித்தோட்டம்

அக்னி நட்சத்திரத்தில் தக்காளி பூத்துப் பூத்துக் கொட்டினால் உரத்தைக் கூட்டாதீர்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கினால் மகரந்தம் வீரியம் இழக்கும், பூ பிஞ்சாகாது. 50 சதவீத நிழல்வலை கட்டி, தொட்டி மண்மேல் காய்ந்த சருகை மூன்று விரல் கனத்துக்குப் பரப்பி, செடியைக் காப்பாற்றினால் போதும். வெயில் தணிந்ததும் மறுபடி காய்க்கும்.

இந்த மாதத்தில் கைகொடுப்பவை வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆகவேண்டும், விட்டால் முற்றிவிடும். இலை நரம்புகள் மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். மருந்து கிடையாது, மனம் கேட்காவிட்டாலும் அந்தச் செடியை உடனே பிடுங்கிவிடுங்கள், மற்றவை பிழைக்கும்.

பீர்க்கையில் வெறும் ஆண் பூவாகவே வருகிறதா? கடும் வெப்பத்தில் அப்படித்தான். பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். பீர்க்கை மாலையில் மலரும் என்பதால் அந்தி நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். மொட்டைமாடியில் தேனீ வரத்து குறைவு, அதனால் இது நல்ல பலன் தரும்.

மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். வெயில் இறங்கிய பிறகே தெளிக்கவேண்டும். உச்சிவெயிலில் தெளித்தால் இலை கருகும்.

தண்ணீர் காலை ஏழு மணிக்குள். மேல்நிலைத் தொட்டிக் குழாயில் முதலில் வரும் சுடுநீரை வாளியில் பிடித்து, ஆறவைத்து ஊற்றுங்கள்.