படைப்புழுவும் ஆந்தையும்

ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு வயலோரத்தில் நாம் அஸர் தொழுது எழுந்தபோது, மக்காச்சோளம் பயிரிடும் பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், இந்தப் படைப்புழுவை அல்லாஹ் எதுக்குத்தான் படைச்சானோ?"

2018ல் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சோளக்குருத்தைக் குடைந்து தின்ற புழு அது. நொந்த மனத்தின் கேள்வியில் நாம் குற்றம் காணவில்லை.

இப்புழுவின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். அங்கே அது பறவைக்கும் வண்டுக்கும் இரை. கடுகளவும் இல்லாத ஒருவகைக் குளவி, அதன் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இட்டுவிடும். இப்படிக் கட்டுக்குள் இருந்த புழு, 2016ல் ஆப்பிரிக்காவிலும் 2018ல் கர்நாடகத்திலும் தென்பட்டு, பின்னர் நம்மிடம் வந்தது. அங்குள்ள பகையாளிகள் உடன் வரவில்லை.

நம் மண்ணிலும் அத்தகைய குளவிகள் உண்டு. ஆனால் மருந்தடித்தால் புழு குருத்துக்குள் பதுங்கிக் கொள்கிறது. வெளியே அலையும் குளவியே மடிகிறது. வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி விதைக்கும்படி வேளாண் துறையினர் கூறுவது இதனால்தான். குளவிக்குப் பூவின் தேன் உணவு. பூவை நம்பிக் குளவி, குளவியை நம்பிச் சோளம், சோளத்தை நம்பி நாம்!

இன்னொன்றையும் கவனியுங்கள். பயிர் சூரிய ஒளியால் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது. விலங்கினம் அதைத் தின்றே வாழ வேண்டும். தின்றதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் உடம்பாகி அடுத்த உயிருக்குப் போய்ச் சேரும். எனவேதான் எலிகள் பல, அவற்றைத் தின்னும் ஆந்தைகள் சில. ஓர் ஆந்தை செத்தால் அதன் இடம் எளிதில் நிரம்பாது.

சோளம் வீடு வந்ததும் எலியும் வருகிறது. எலியைத் தேடிக் கூகை வந்தால், "அபசகுனம்" என்று கல்லெறிகிறோம். முஸ்லிம் வீடுகளிலும் இது நடக்கிறதே! நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சகுனத்தை மறுத்தபோது, ஆந்தையைப் பற்றி அரபியர் கொண்டிருந்த நம்பிக்கையையும் சேர்த்தே மறுத்திருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. எலிமருந்தும் எலியோடு நிற்பதில்லை. அந்த எலியைத் தின்ற ஆந்தையையும் கொல்லக்கூடும்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். அடுத்த பட்டத்தில் தட்டைப்பயறு போடுவதாகச் சொன்னார். ஆந்தை விஷயத்தை மட்டும் வீட்டில் கேட்டுத்தான் சொல்வாராம்.